இழந்த இளமையும் காதலும்: மாமல்லபுரக் கடற்கரை முதல் 'அபிதா' வரை

தமிழ் நவீனப் புனைவில் கடந்துபோன இளமையும் கைகூடாத காதலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட கருக்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் இக்கருவின் வரலாற்றில் இரண்டு முக்கியமான படைப்பாளிகளுடன் தொடர்புடையது. கல்கி மாமல்லபுரத்தையும் காஞ்சியையும் களமாகக் கொண்டு 'சிவகாமியின் சபதம்' நாவலை 1944 முதல் 1946 வரை தொடராக எழுதினார். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் இளமையைக் கழித்த லா.ச. ராமாமிர்தம் 1970ல் 'அபிதா' நாவலை வெளியிட்டார். முதலாவது கற்பனாவாதப் படைப்பு, இரண்டாவது நவீனத்துவப் படைப்பு. இழந்த காதலை மீட்க முடியுமா, அந்த முயற்சிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்னும் வினாவை இரண்டும் வெவ்வேறு வகையில் எழுப்புகின்றன.

சொல்லும் கருத்தும்

கடந்த காலத்துக்கான ஏக்கத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லான 'நாஸ்டால்ஜியா' ஒரு மருத்துவச் சொல்லாகத் தோன்றியது. யோஹன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் 1688ல் பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில் இச்சொல்லை உருவாக்கினார். வீடு திரும்புதல், வலி என்னும் பொருள் கொண்ட இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து, அயல்நாட்டில் இருக்கும் ஸ்விஸ் மக்களைப் பீடித்த வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாக அவர் விவரித்தார். பின்னாளில் ஏக்கத்தின் இலக்கு இடத்திலிருந்து காலத்துக்கு மாறியது. ஊருக்குத் திரும்ப வழி உண்டு, வயதுக்குத் திரும்ப வழி இல்லை என்பதால் நோய்க்கு மருந்தும் இல்லாமல் போயிற்று.

தமிழில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லை. ஆனால் கரு மிகப் பழையது. புறநானூற்றின் 243ஆம் பாடல் ஒரு முதியவரின் நினைவுகூரல். ஆற்று மணலில் பாவை செய்து பூச்சூடியது, பெண்களுடன் கைகோத்துப் பொய்கையில் ஆடியது, நீரின்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறிக் கரையில் நிற்பவர்கள் வியக்கும்படி மடுவில் குதித்தது, அடியாழத்து மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது ஆகியவற்றை அவர் எண்ணிப் பார்க்கிறார். இப்போது அவர் கையில் ஊன்றுகோல் இருக்கிறது. இருமலுக்கு இடையே ஓரிரு சொற்களே பேச முடிகிறது. அந்தக் கோலைக் குறிக்கும் தொடரே புலவரின் பெயராகி, அவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கப்படுகிறார்.

இப்பாடலின் துறை கையறுநிலை. பெரும்பாலும் இறந்துபட்ட மன்னனையோ வள்ளலையோ எண்ணிப் புலம்பும் பாடல்களுக்கு உரிய துறை அது. இங்கே இறந்திருப்பது பாடுபவரின் இளமை. அதை ஓர் இறப்பாகவே தொகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். முதியவர் இளமையைத் தேடிச் செல்வதில்லை, அது எங்கே போயிற்று என்று இரங்குவதோடு நின்றுவிடுகிறார். இந்த நிதானம் பிற்கால உரைநடைப் புனைவில் எப்படிக் குலைகிறது என்பதே இக்கருவின் நவீன வரலாறு.

நிலமும் தொன்மமும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பாதை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் குறுக்கே ஓடுகிறது. ஐயம்பேட்டை இப்பாதையில் காஞ்சிக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே உள்ள நெசவாளர் ஊர். கடற்கரைச் சாலை செப்பனிடப்படுவதற்கு முன்பு சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்பவர்கள் பக்கிங்காம் கால்வாயில் படகில் வந்தனர், அல்லது செங்கல்பட்டு வரை ரயிலில் வந்து அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலையில் பயணம் செய்தனர்.

மாமல்லபுரத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதத் தொடங்கியபோதே அது இழப்பின் நிலமாக உருவகிக்கப்பட்டுவிட்டது. 1788ல் வெளிவந்த 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய குறிப்பு, கடலுக்குள் மூழ்கிய கோவில்களைப் பற்றிய உள்ளூர் வழக்குகளைப் பதிவுசெய்தது. மாலுமிகள் இவ்வூரை 'ஏழு பகோடாக்கள்' என்று அழைத்தனர். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சதே 1810ல் வெளியிட்ட 'தி கர்ஸ் ஆஃப் கெஹாமா' காவியத்தில் கடலடியில் கிடக்கும் மாபலியின் நகரம் வருகிறது. சதே இந்தியாவுக்கு வந்தவர் அல்ல. கற்பனாவாதத்துக்கு அழிந்த நகரங்கள் தேவைப்பட்டன, மாமல்லபுரம் அத்தேவைக்குப் பொருந்தியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடல் பின்வாங்கியதும் மணல் அரிக்கப்பட்டுச் சில சிற்பங்கள் வெளிப்பட்டன. தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கோவில் ஒன்றின் எச்சங்கள் கிடைத்தன. மூழ்கிய கோவில்களின் கதை உடனே மீண்டும் பேசப்பட்டது.

செங்கல்பட்டு மாவட்டமும் ஒருமுறை மறைந்து மீண்டது. 1997ல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது அந்தப் பெயரில் மாவட்டம் இல்லாமலாயிற்று. 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டம் புதிதாக உருவானது. இன்று மாமல்லபுரம் ஒரு மாவட்டத்திலும் காஞ்சியும் ஐயம்பேட்டையும் வேறொரு மாவட்டத்திலும் உள்ளன.

கற்பனாவாதக் கட்டம்: சிவகாமியின் சபதம்

கல்கி (1899–1954) 1941ல் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். முதலில் 'பார்த்திபன் கனவு' தொடரையும் அடுத்து 'சிவகாமியின் சபதம்' தொடரையும் அதில் எழுதினார். நண்பர்களுடன் மாமல்லபுரக் கடற்கரையில் இருந்த ஓர் இரவில் இக்கதையின் மாந்தர் தன் மனதில் தோன்றியதாகக் கல்கி நாவலின் முன்னுரையில் சொல்கிறார். முதலில் நின்றிருந்தது கல், அதைப் பார்த்தவரின் கற்பனையில் அதைச் செதுக்கியவரும் அவருடைய மகளும் பிறந்தனர்.

நாவலின் வரலாற்றுச் சட்டகம் பல்லவர் – சாளுக்கியர் போர். இரண்டாம் புலிகேசியின் படையெடுப்பு, மகேந்திரவர்மனின் மரணம், 642ஐ ஒட்டி முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியது ஆகியவை வரலாறு. பெரியபுராணம் சொல்லும் சிறுத்தொண்டரின் இளமைப் பெயர் பரஞ்சோதி. சிவகாமியும் அவள் தந்தை ஆயனச் சிற்பியும் கல்கியின் கற்பனை. மாமல்லபுரச் சிற்பங்களில் எவை எந்த மன்னரின் காலத்தவை என்பது ஆய்வாளர்களிடையே விவாதத்துக்குரியது. அவை அனைத்தும் பிற்காலத்து ராஜசிம்மனுடையவை என்று தொல்லியலாளர் இரா. நாகசாமி 1960களில் வாதிட்டார். வாசகரின் மனதில் அவற்றை மாமல்லனுக்கும் ஆயனருக்கும் உரியவையாக நிலைநிறுத்தியதில் இந்நாவலுக்குப் பெரும் பங்குண்டு.

நாவல் நான்கு பாகங்கள் கொண்டது. நான்காம் பாகத்தின் பெயர் 'சிதைந்த கனவு'. வாதாபிக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்ட சிவகாமி, அந்நகரை எரித்துத் தன்னை மாமல்லன் அழைத்துச் செல்லும் வரை அங்கிருந்து வருவதில்லை என்று சபதம் செய்கிறாள். ஒன்பது ஆண்டுகள் கழிகின்றன. மாமல்லன் சபதத்தை நிறைவேற்றுகிறான். அதற்குள் அவனுக்குப் பாண்டிய இளவரசியுடன் மணமாகி மக்களும் பிறந்துவிட்டனர். காஞ்சிக்குத் திரும்பிய பின்பே சிவகாமி அதை அறிகிறாள். முடிவில் அவள் ஏகாம்பரநாதரைத் தன் கணவனாக ஏற்று நடனத்தை அவருக்கு அர்ப்பணிக்கிறாள்.

கற்பனாவாதம் இழப்பை எப்படிக் கையாள்கிறது என்பதற்கு இம்முடிவு தெளிவான எடுத்துக்காட்டு. காதல் தோற்கிறது, ஆனால் வீணாவதில்லை. அது பக்தியாகவும் கலையாகவும் மாற்றப்படுகிறது. சிவகாமியின் இளமை போய்விட்டாலும் அவளுடைய அபிநயங்களை ஆயனர் கல்லில் பிடித்துவைத்திருக்கிறார். வாசகர் அழுதபின் ஆறுதல் அடைகிறார், மாமல்லபுரம் சென்று அந்த ஆறுதலைக் கண்ணால் பார்த்தும் வருகிறார்.

ஆனால் கதையின் கணக்கைத் தனியே எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மாமல்லனுக்கு வெற்றியும் அரசும் குடும்பமும் வாய்க்கின்றன. ஒன்பது ஆண்டு இளமையை இழந்தவள் சிவகாமி. அவளுடைய பிடிவாதமே இதற்குக் காரணம் என்று சொல்லும் வாய்ப்பையும் நாவல் அளிக்கிறது. தெய்வத்தை மணக்கும் இறுதிக் காட்சியின் ஒளியில் இந்தச் சமனின்மை கண்ணுக்குப் படாமல் போகிறது. கல்கி அதை மறைக்கவில்லை, அதன்மீது அழுத்தம் கொடுக்கவும் இல்லை. அந்த அழுத்தம் நவீனத்துவர்களிடமிருந்து வந்தது.

நவீனத்துவத்தின் வருகை: மௌனி

காலவரிசையில் பார்த்தால் தமிழ் நவீனத்துவத்தின் தொடக்கம் 'சிவகாமியின் சபத'த்துக்கு முந்தையது. 1933ல் தொடங்கப்பட்ட 'மணிக்கொடி', 1935 முதல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக வந்தது. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகியோர் அதில் எழுதினர். கல்கியின் எழுத்து பல்லாயிரம் வாசகரைச் சென்றடைந்த அதே ஆண்டுகளில் சில நூறு வாசகருக்காக இவர்கள் எழுதிக்கொண்டிருந்தனர்.

இழந்த காதல் என்னும் கருவை அகவயமாக மாற்றியவர் மௌனி (1907–1985). அவர் எழுதியவை ஏறத்தாழ இருபத்து நான்கு கதைகள். 1937ல் வெளியான 'அழியாச்சுடர்' அவற்றுள் முதன்மையானது. ஓர் இளைஞன் கோவிலில் ஒரு பெண்ணைக் காண்கிறான். சந்நிதி முன் அவளுக்காக எதையும் செய்யக்கூடும் என்னும் வாக்கைச் சொல்லிவிடுகிறான். ஆண்டுகள் கழிகின்றன. அதே கோவிலில் அவளை மீண்டும் காணும்போது பழைய வாக்கு அவனைப் பற்றிக்கொள்கிறது. தூணில் உள்ள யாளியின் சிலை உயிர்கொண்டு பார்ப்பதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது.

கதையில் புறநிகழ்ச்சி மிகக் குறைவு. அந்தப் பெண் யார், அவள் என்ன நினைத்தாள் என்பது சொல்லப்படுவதில்லை. கல்கியின் நாவலில் கல் நினைவைக் காக்கிறது. மௌனியின் கதையில் கல் நினைவைக் கேள்வி கேட்கிறது. கடந்த காலம் முடிந்துபோன ஒன்றாக இல்லாமல் நிகழ்காலத்துக்குள் புகுந்து அதைக் குலைக்கும் விசையாக இருக்கிறது. இழப்பைத் தெய்வத்திடமோ கலையிடமோ ஒப்படைத்து அமைதி பெறும் வழி மௌனியின் மாந்தருக்கு இல்லை.

இவ்வகை எழுத்துக்குச் சமூகக் காரணமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கிராம அக்கிரகாரங்களிலிருந்து படித்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குமாஸ்தாக்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் சென்றனர். ஆறு, கோவில், திண்ணை, பக்கத்து வீட்டுப் பெண் ஆகியவற்றோடு அவர்கள் விட்டுவந்தது இளமை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ரயில் அவர்களுடைய கதைகளில் கடந்த காலத்துக்குச் செல்லும் ஊர்தியாக ஆயிற்று.

லா.ச. ராமாமிர்தம்

லா.ச. ராமாமிர்தம் (1916–2007) மணிக்கொடி மரபின் இளையவர்களில் ஒருவர். பெயரின் முன்னெழுத்துகள் பூர்விக ஊரான லால்குடியையும் தந்தை சப்தரிஷியையும் குறிப்பவை. வாஹினி பட நிறுவனத்தில் தட்டச்சராகச் சில காலம் பணியாற்றியபின் பஞ்சாப் நேஷனல் வங்கியில் முப்பதாண்டுகள் பணிபுரிந்தார். பிற்காலத்தில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அம்பத்தூரில் வாழ்ந்தார். 'சிந்தாநதி' நூலுக்காக 1989ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்.

நினைவே அவருடைய எழுத்தின் மூலப்பொருள். 'பாற்கடல்' குடும்ப வரலாறாகவும் தன்வரலாறாகவும் அமைந்த நூல். மூதாதையர், தாய், ஐயம்பேட்டை நாட்கள், வறுமை ஆகியவற்றை அதில் அவர் எழுதியிருக்கிறார். 'சிந்தாநதி'யும் நினைவுகளின் தொகுப்பே. லா.ச.ரா.வின் நினைவுகூரலில் காலவரிசை இல்லை. ஓர் ஒலி, ஒரு மணம், விளக்கின் ஒரு துடிப்பு போதும், பல ஆண்டுகளுக்கு முந்தைய கணம் முழுமையாகத் திரும்பிவிடும். நனவோடை உத்தி என்று இதை விமர்சகர்கள் குறிப்பிடுவதுண்டு. ஆயினும் இதன் வேர்களில் ஒன்று மந்திர உச்சாடன மரபு. சொல்லைச் சரியாக உச்சரித்தால் பொருள் எதிரே வந்து நிற்கும் என்னும் நம்பிக்கை அவருடைய உரைநடையின் அடியில் செயல்படுகிறது.

இந்த நம்பிக்கையை ஓர் அபாயமாகவும் அவர் அறிந்திருந்தார். அதற்குச் சான்று 'அபிதா'.

அபிதா

நாவலின் கதைசொல்லி அம்பி. நடுவயதைக் கடந்தவன், வசதியானவன். மனைவி சாவித்திரியுடன் தான் வளர்ந்த கரடிமலை என்னும் ஊருக்குத் திரும்புகிறான். இளமையில் அங்கே விட்டுச்சென்ற குருக்கள் வீட்டுப் பெண் சகுந்தலையின் நினைவே அவனை அங்கு இழுக்கிறது. அவள் இறந்துவிட்டாள் என்று ஊருக்கு வந்தபின் தெரிகிறது. அவளுடைய மகள் அபிதா தாயின் அச்சாக அங்கே இருக்கிறாள். அம்பியின் மனம் இரண்டு பெண்களையும் ஒன்றாக்கத் தொடங்குகிறது. நாவலின் முடிவில் அபிதா மலையிலிருந்து விழுகிறாள்.

கரடிமலை கற்பனை ஊர். செங்கல்பட்டிலோ காஞ்சி வட்டாரத்திலோ அதைத் தேட வேண்டியதில்லை. ஒரு மலை, ஒரு கோவில், ஒரு குருக்கள் குடும்பம் என்று மிகச் சில கூறுகளால் ஆனது. ஏக்கம் நினைவிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு கட்டும் ஊர் அப்படித்தான் இருக்கும்.

தலைப்பு திருவண்ணாமலை அம்மனின் பெயரான அபீதகுசாம்பாள் என்பதன் சுருக்கம். அதன் தமிழ் வடிவம் உண்ணாமுலை. பருகப்படாதது, தீண்டப்படாதது என்னும் பொருள் அப்பெயருக்குள் இருக்கிறது. அம்பி அபிதாவில் காண விரும்புவது இதையே. தான் விட்டுச்சென்ற கணத்தில் காலம் உறைந்து நின்றிருக்க வேண்டும், யாருடைய கையும் படாமல் தனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கிறான். சகுந்தலை என்ற பெயரும் தற்செயலானது அல்ல. காளிதாசனின் சகுந்தலையும் வாக்களித்தவனால் மறக்கப்பட்டவள். அந்த நாடகத்தில் துஷ்யந்தனுக்கு மோதிரம் கிடைத்து நினைவு திரும்புகிறது, மனைவியும் மகனும் கிடைக்கின்றனர். இங்கே நினைவு திரும்புவது மிகத் தாமதமாக. சகுந்தலைக்கு மீட்பு இல்லை.

நாவல் முழுவதும் அம்பியின் குரலில் செல்கிறது. லா.ச.ரா.வின் மொழி அவனுக்கு முழுமையாகக் கடனளிக்கப்பட்டிருக்கிறது. அது தீவிரமான, இசைத்தன்மை கொண்ட, புராணப் படிமங்கள் நிறைந்த மொழி. எனவே வாசகர் முதலில் அவன் பக்கம் நிற்கிறார். அவன் இழப்பு உண்மையானது, வலியும் உண்மையானது. பக்கங்கள் செல்லச் செல்ல அந்த அழகிய சொற்கள் எதை நியாயப்படுத்துகின்றன என்னும் ஐயம் எழுகிறது. தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணை நோக்கிய வேட்கையை அவன் தெய்வ தரிசனமாகவும் காலத்தின் லீலையாகவும் விவரித்துக்கொள்கிறான். அபிதாவுக்குத் தன் தாயின் பழங்கதையோடு எந்தக் கணக்கும் இல்லை. அவள் வேறொருத்தி, அவளுக்கென்று ஒரு வாழ்க்கை உண்டு. அதை அறியாதவன் அம்பி மட்டுமே.

உடன் வந்திருக்கும் சாவித்திரியின் இடமும் கவனத்துக்குரியது. அம்பியோடு ஒரு முழு ஆயுளைக் கழித்தவள் அவள். அந்த ஆயுள் அவனுக்கு நினைவாக ஆவதில்லை. கையில் இருந்தவற்றுக்காக ஏங்க முடியாது என்பதால், வாழ்ந்த ஆண்டுகள் அனைத்தும் வாழாத ஒரு கணத்தின்முன் பொருளற்றுப் போகின்றன. ஏக்கத்தின் இந்த நன்றிகெட்ட இயல்பை நாவல் விளக்கவுரையாகச் சொல்வதில்லை. அவளைக் காட்சிகளில் நடமாடவிட்டே உணர்த்துகிறது.

அபிதாவின் வீழ்ச்சியைத் தெய்வச் செயலாகவோ விபத்தாகவோ அம்பியின் வேட்கை தந்த விளைவாகவோ வாசிக்கலாம். எந்த வாசிப்பிலும் இறப்பவள் அவள். இழந்த காதலுக்கு ஈடாக இன்னொரு இளமை அழிகிறது. 'சிவகாமியின் சபத'த்தில் மறைந்து கிடந்த கணக்கு இங்கே திறந்து வைக்கப்படுகிறது. கல்கியிடம் ஆறுதலாக வந்து நின்ற தெய்வம் இங்கே பெயராக மட்டும் இருக்கிறது. ஈசனை மணந்து அமைதி பெறும் வழி அபிதாவுக்கு வழங்கப்படவில்லை.

உலக இலக்கியத்தில்

இறந்த காதலியை அவள் வழித்தோன்றலிலோ சாயல் கொண்டவளிலோ மீண்டும் தேடும் ஆண் என்னும் கரு உலக இலக்கியத்தில் பலமுறை வந்துள்ளது. தாமஸ் ஹார்டியின் 'தி வெல்-பிலவ்ட்' 1897ல் நூலாக வந்தது. அதன் நாயகன் ஒரு சிற்பி, கல் வெட்டும் கடற்கரை ஊரைச் சேர்ந்தவன். அவன் இருபது வயதில் ஒரு பெண்ணையும், நாற்பதில் அவள் மகளையும், அறுபதில் அவள் பேத்தியையும் விரும்புகிறான். மூன்று பெண்களிலும் அவன் தேடுவது தன் மனதிலுள்ள ஓர் உருவத்தை. ஹார்டி இதைக் கசப்பான நகைச்சுவையோடு முடிக்கிறார். நாயகன் முதுமையடைகிறான், அழகை உணரும் திறனை இழக்கிறான், பழைய தோழி ஒருத்தியை மணந்துகொண்டு ஊர்ப் பணிகளில் இறங்குகிறான்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) கடந்த காலத்தைப் பணத்தால் மீட்டெடுக்க முயலும் ஒருவனின் அழிவைச் சொல்கிறது. மார்செல் ப்ரூஸ்டின் நாவல் வரிசை (1913–1927) நினைவு தானாகத் திரும்பும் கணங்களை ஆராய்ந்து, இழந்த காலத்தை எழுத்தில் மட்டுமே மீட்க முடியும் என்னும் இடத்துக்கு வந்துசேர்கிறது. விளாதிமிர் நபக்கோவின் 'லோலிதா' (1955) அமைப்பில் 'அபிதா'வுக்கு மிக அருகில் இருப்பது. அதிலும் கதைசொல்லி சிறுவயதில் கடற்கரையில் இழந்த காதலியை ஒரு சிறுமியில் காண்பதாகச் சொல்கிறான். அதிலும் மொழியின் அழகு கதைசொல்லியின் குற்றத்துக்குத் திரையாகிறது. நபக்கோவின் நாயகன் நடப்பது குற்றம் என்று அறிந்தவன். அம்பி அந்த அறிவின் விளிம்பில் நிற்பவன், தன் மொழியிலேயே மயங்கியவன்.

தமிழில் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. பாபு தன்னைவிட மூத்தவளான யமுனாவைப் பல ஆண்டுகள் விரும்பிக் காத்திருக்கிறான். காதல் கைகூடும்போது இருவருக்கும் வயதாகியிருக்கிறது. யமுனா உயிரோடு எதிரே நின்று பேசுகிறாள், மறுக்கிறாள், இறுதியில் முடிவெடுக்கிறாள். அவளுடைய இளமை கழிந்ததைப் பாபு கண்ணால் கண்டிருக்கிறான். அதனால் அந்நாவலில் ஏக்கம் மாயத்தோற்றமாக ஆவதில்லை.

யாருடைய நினைவு

இந்தப் படைப்புகளின் இளமை ஒரு குறிப்பிட்ட சமூகத்தினரின் இளமை. மௌனி, லா.ச.ரா. கதைகளின் கோவிலும் அக்கிரகாரமும் குருக்கள் வீடும் ஊரின் ஒரு பகுதி மட்டுமே. செங்கல்பட்டு மாவட்டத்தில் அதே ஊர்களின் மறுபாதியைப் பற்றிய ஆவணமும் உண்டு. மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891ல் இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். நிலமின்மை, கடனடிமைத்தனம், குடியிருக்கும் மனைக்குக்கூட உரிமையின்மை ஆகியவற்றை அது விவரித்தது. பஞ்சமி நிலம் வழங்கும் 1892ஆம் ஆண்டு அரசாணை அதன் விளைவு.

அந்தக் குடியிருப்புகளிலிருந்து நகரத்துக்குச் சென்றவர்களுக்கு ஊர் திரும்பிச் செல்ல வேண்டிய சொர்க்கமாக இருந்திருக்க நியாயமில்லை. 1990கள் முதல் வந்த தலித் எழுத்துகள் நினைவுகூரலை வேறு வகையில் பயன்படுத்தின. பாமாவின் 'கருக்கு' (1992) இளமைப் பருவத்தை எழுதியது. அதில் விளையாட்டும் சிரிப்பும் உண்டு, ஆனால் ஏக்கத்தின் பொன்னிறப் பூச்சு இல்லை. இந்த எழுத்துகளுக்குப் பின் முந்தைய நவீனத்துவப் படைப்புகளை வாசிப்பவர்கள், அவற்றின் ஊர் யாரையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டப்பட்டது என்றும் கேட்கிறார்கள். 'அபிதா' அக்கேள்விக்கு விடை சொல்லும் நாவல் அல்ல. ஆயினும் ஏக்கம் கட்டும் ஊரை நம்பக்கூடாது என்பதை உள்ளிருந்தே காட்டிய நாவல்.

இலக்கிய இடம்

'சிவகாமியின் சபதம்' இன்றும் பரவலாக வாசிக்கப்படுகிறது. மாமல்லபுரத்துக்குச் செல்லும் தமிழர் பலருக்கு அவ்வூரின் உணர்வுநிலையை அளித்தது அந்நாவலே. 'அபிதா' வாசகர் எண்ணிக்கையில் அதற்கு அருகில் வராது. அதன் செறிந்த மொழி பலரை விலக்குகிறது, சிலரை முழுமையாக ஈர்க்கிறது. ஈர்க்கப்பட்டவர்களிலும் ஒரு பகுதியினர் அதை ஓர் ஆழ்ந்த காதல் கதையாக, அம்பியின் கண்வழியே மட்டும் வாசிக்கின்றனர். நாவலின் மொழி அதற்கு இடம் தருகிறது. சொல்பவனை ஐயப்பட வைக்கும் அதன் நுண்மை எளிதில் தவறவிடக்கூடியது.

புறநானூற்று முதியவர் தன் இளமையை இறந்ததாக ஏற்றுப் பாடினார். கல்கி அதைக் கல்லிலும் பக்தியிலும் நிலைநிறுத்தினார். மௌனி அது நிகழ்காலத்துக்குள் நுழையும் கணத்தின் அச்சத்தை எழுதினார். அதைத் திரும்பப் பெற முயல்பவன், எதிரே நிற்கும் உயிருள்ள பெண்ணைக் காணத் தவறுகிறான் என்பதை எழுதியவர் லா.ச.ரா. தமிழ் நவீனத்துவம் இழந்த இளமை பற்றிய பேச்சில் சேர்த்த முக்கியமான அறிதல் அது. அம்பி கரடிமலைக்கு வந்தது சகுந்தலைக்காக. அவனால் அழிந்தவள் அவனை அதற்குமுன் பார்த்தே இராத அபிதா.